முப்பத்து மூன்றில் போடவும்

மார்ச் 3, செவ்வாய்

கடை போன் இன்றும் அடித்தது. நான் இன்றும் எடுக்கவில்லை.

முதலாளி இசைத்தட்டு வெட்டும் லேத்தின் மேல் குனிந்திருந்தார். ஊசி தட்டில் ஓடும்போது கூரையே இடிந்து விழுந்தாலும் அவர் நிமிரமாட்டார். வெட்டி முடித்ததும் என் பக்கம் திரும்பி, "ஏம்மா, அந்த போன் என்ன உன்னைக் கடிக்கவா போகுது?" என்றார். கடிக்காது. "சார்" என்று கூப்பிடும். போன மாதம் ஒரே ஒரு தடவை எடுத்தேன். "தம்பி, ஓனர் இருந்தா குடுப்பா" என்றது அந்தப் பக்கம். கொடுத்துவிட்டுக் கழிவறைக்குப் போய் ரொம்ப நேரம் கை கழுவிக்கொண்டிருந்தேன்.

என் குரல் அப்படி. பள்ளியில் எனக்கு 'டீசல்' என்று பேர். எழுந்து வாசிக்கச் சொன்னால் பின் வரிசையில் யாராவது சாவி போடுகிற மாதிரி காட்டி வாயாலேயே வண்டியைக் கிளப்புவார்கள். பத்தாம் வகுப்பில் ஒரு நாள் டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மறுநாளிலிருந்து நான் போகவில்லை. அம்மாவும் அதிகம் வற்புறுத்தவில்லை. "நீ வாயைத் திறந்தா அந்த ஆளே வந்து நிக்கிற மாதிரி இருக்கு" என்பாள். அந்த ஆள் என்றால் அப்பா. எங்கே இருக்கிறாரோ.

இந்தக் கடையில் பேச வேண்டியதில்லை, அதனால் பிடிக்கும். ஆட்கள் தங்கள் பாட்டைக் கொண்டுவருவார்கள். முதலாளி அதை ஒவ்வொரு தட்டாக வெட்டுவார். நான் லேபிள் ஒட்டி, எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்று ரப்பர் முத்திரை குத்தி, உறையில் போடுவேன். முத்திரை இரண்டு: 33, 45, நிமிடத்துக்கு அத்தனை சுற்று. வருகிறவர்களில் பாதிக்கு மேல் டப்ஸ்டெப் என்கிற ஆட்டப் பாட்டு ஆட்கள். அவர்களுக்கு எப்போதும் 45தான். வேகமாகச் சுற்றினால் பேஸ், அந்த அடியாழ அதிர்வு, கனமாக விழுமாம். 33 முத்திரை மை காய்ந்து டிராயருக்குள் கிடக்கிறது, என்னை மாதிரி.

மார்ச் 8, ஞாயிறு

அண்ணன் வீட்டுக்குள் விசில் அடித்துக்கொண்டு திரிகிறான். அவனுடைய முதல் தட்டு. அறுபது பிரதியும் போய்விட்டதாம்.

நான் காய்ச்சலில் படுத்திருந்த வாரத்தில் அதை வெட்டினார்கள். என் வேலையை அவனே உட்கார்ந்து செய்தான். லேபிளைக் கோணலாகத்தான் ஒட்டியிருப்பான்.

பாட்டின் பேர் 'தரை'. அதில் நான் இருக்கிறேன். இதை இங்கே மட்டும்தான் எழுதுகிறேன். துணி அலமாரிக்குள் என்னை உட்காரவைத்து, கதவில் போர்வையைத் தொங்கவிட்டு, "சும்மா முனகு, வார்த்தை வேணாம்" என்றான். இருட்டு. யாரும் பார்க்கவில்லை. முனகினேன். அதன் அடியில் ஒரு பேஸ் வைத்தான், என் குரல் உட்கார ஒரு பலகை போட்ட மாதிரி. மேலே ஒன்றுமே கிடையாது. ஒரு தட்டல், பிறகு காத்திருப்பு, பிறகு இன்னொரு தட்டல். டப்ஸ்டெப் ஆட்களுக்கு நிமிடத்துக்கு நூற்று நாற்பது தட்டல் வேண்டும். இது நூறு சொச்சம்தான். "ஆடமாட்டாங்க. ஆனா நின்னு கேப்பாங்க" என்றான்.

முதல் தடவை கேட்டபோது என் குரல் எனக்கே அருவருப்பாக இல்லை. அது எனக்குப் புதிது. அம்மாவுக்கு வேலை பார்க்கிற சலவைக் கூடத்து மெஷின் இரைச்சலில் காது பாதி போய்விட்டது. ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். பாட்டு முடிந்தும் கையை எடுக்கவில்லை.

மார்ச் 19, வியாழன்

சீ.

சீ சீ சீ.

பஸ்ஸில் எனக்குப் பின்னால் இரண்டு பேர் போனில் ஏதோ பார்த்துக்கொண்டு வந்தார்கள். கூட்டம், கூச்சல், நடுவே ஒரு சத்தம். ரப்பர் பொம்மையை மிதித்தால் கீச்சென்று வருமே, அது. அதற்கு அடியில் தகரத்தை ரம்பத்தால் அறுப்பது மாதிரி ஒன்று. "மறுபடி போடு, மறுபடி போடு" என்று ஒருவன். மூன்றாவது தடவையில் எனக்குப் பிடிபட்டது. அந்த இழுப்பு. மூச்சு வாங்குகிற இடம். நடுவில் ஒரு சின்ன இருமல். அலமாரியில் பாச்சை உருண்டை நெடி தாங்காமல் வந்த இருமல் அது. எடுத்துவிடு என்றேன், அண்ணன்தான் இருக்கட்டும் என்றான்.

அது நான். என்னை எலியாக்கி வைத்திருக்கிறார்கள்.

"செம அசிங்கம்டா" என்றான் அவன். பாராட்டாகச் சொன்னான்!

இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தேன்.

மார்ச் 20, வெள்ளி

வெட்டுகிற எல்லாவற்றிலும் ஒரு பிரதியை மாதிரிக்கு வைத்துக்கொள்வது முதலாளி வழக்கம். அவர் சாப்பிடப் போன நேரம் பார்த்து 'தரை'யை எடுத்தேன். லேபிள் கோணல்தான். அதன் மேல் நீல மையில் பளிச்சென்று 45.

பாட்டு நீளம், 45இல் ஒரு பக்கத்தில் அடங்காது. அதனால் முதலாளி அதை 33இல்தான் வெட்டினார். அண்ணனுக்கும் அது தெரியும். ஆனால் மைப்பெட்டி மேல் எப்போதும் கிடப்பது 45 முத்திரை. அவன் கை அதைத்தான் எடுத்திருக்கும். ஒவ்வொரு தட்டிலும் குத்தியிருக்கும்.

45இல் ஓடவிட்டேன். எலி. வயிற்றுக்குள் விழ வேண்டிய பேஸ் மூக்குக்கு ஏறி நின்றுகொண்டு ரம்பம் போடுகிறது. பேர் 'தரை', சத்தம் கூரையைப் பிய்க்கிறது. சுவிட்சை 33க்குத் தள்ளினேன். எல்லாம் அப்படியே கீழே இறங்கி, இடம் விட்டு, உட்கார்ந்தது. நான் வந்தேன்.

இதில் பெரிய கண்றாவி, மெதுவான அந்தப் பாட்டு 45இல் ஓடும்போது சரியாக நூற்று நாற்பது ஆகிவிடுகிறது. அவர்களுடைய வேகம். அதனால்தான் டி.ஜே.க்கள் மற்ற தட்டுகளோடு ஒட்டிப் போட முடிகிறது. அதனால்தான் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. கொஞ்சம் முன்னே பின்னே இருந்திருந்தால் அன்றைக்கே குட்டு உடைந்திருக்கும். ஒருத்தர்கூடவா சுவிட்சைத் தவறிப்போய்த் தட்டவில்லை? ஒருத்தர்கூடவா?

சாயங்காலம் அண்ணனிடம் சொன்னேன். அதிர்ச்சியடைவான் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "தெரியும்" என்றான்.

முதல் வாரமே ஒரு கூட்டத்தில் கேட்டானாம். நிறுத்தச் சொல்லத்தான் எழுந்தானாம்.

"அதுக்குள்ள எல்லாரும் கத்த ஆரம்பிச்சுட்டாங்க. ஒருத்தன் சட்டையைக் கழட்டிட்டு மேஜை மேல ஏறிட்டான்."

"அதுக்கு?"

"என் பாட்டுக்கு இதுவரைக்கும் யாரும் சட்டையைக் கழட்டினதில்ல குட்டி."

பிறகு கதவைச் சாத்திவிட்டு, "யார்கிட்டயும் மூச்சு விடாத" என்றான். நான் யாரிடம் மூச்சு விட்டிருக்கிறேன்?

ஏப்ரல் 2, வியாழன்

தெருமுனையில் ஒரு சின்னப் பெண் அந்தக் கீச்சை அப்படியே செய்துகாட்டிக் கைதட்டல் வாங்கினாள். இருமல் உட்பட.

ஏப்ரல் 11, சனி

தாடி என்று ஊரே கூப்பிடுகிறவர் இன்று கடைக்கு வந்தார். டயர் கிடங்குக்கு அடியில் ஓர் அறை எடுத்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் டப்ஸ்டெப் போடுகிறவர். இந்த ஊரில் அதை ஆரம்பித்துவைத்தவரே அவர்தான் என்று அண்ணன் முன்பெல்லாம் பக்தியோடு சொல்வான்.

"'தரை'ன்னு ஒண்ணு வெட்டிக் குடுத்தீங்களே, உங்களுக்கு மனசாட்சியே கிடையாதா?" என்று முதலாளியிடம் ஆரம்பித்தார்.

"நான் தையல்கடைக்காரன் மாதிரி. கொண்டுவர்ற துணியைத்தான் வெட்டுவேன்."

"பேஸ் எங்கய்யா அதுல? பல்லுக் கூச்சம்தான் இருக்கு."

"பேஸா? ஊசியையே தூக்கிப் போடற மாதிரில்ல இருந்துச்சு?" என்றார் முதலாளி. நான் உறையை நழுவவிட்டேன். தாடி அதைக் கிண்டல் என்று நினைத்துக்கொண்டார். முதலாளி வெளியே எங்கும் போகாதவர். தான் வெட்டிய பாட்டு ஊரில் எப்படி ஒலிக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"பசங்களுக்குப் பிடிச்சிருக்குன்னு சொல்றாங்களே."

"பசங்களுக்கு மூக்கு நோண்டறதும்தான் பிடிக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்று வாரமாக இந்த ஊரில் என்னைப் போலவே குமட்டுகிற ஒருத்தரைத் தேடிக்கொண்டிருந்தேன். இதோ. அப்புறம் அவர் சொன்னார்: "அதுல ஒரு பொண்ணு கத்துது பாருங்க, யாரு பெத்ததோ, அது வாயில முதல்ல துணிய வெச்சு அடைக்கணும்."

முத்திரையை லேபிளில் குத்துவதற்குப் பதில் என் கட்டைவிரலில் குத்திக்கொண்டேன். இன்னும் போகவில்லை. 45.

ஏப்ரல் 26, ஞாயிறு

இணையத்தில் ஒரு மேதாவி 'தரை'யைப் பற்றி நீளமாக எழுதியிருக்கிறார். 'அடித்தளத்தை வேண்டுமென்றே பிடுங்கி எறிந்த துணிச்சல்.' 'பெண்குரலை இயந்திரமாக்கும் குரூர அழகு.' அண்ணன் அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினான், அவளுக்குக் கொஞ்சம் கேட்கிற காதுப் பக்கமாக உட்கார்ந்து.

"குரூரம்னா என்னடா?"

"பாராட்டுதாம்மா."

"அப்படியா? எனக்குத் திட்டற மாதிரியே கேக்குது."

கட்டுரைக்குக் கீழே அடிதடி. டப்ஸ்டெப் செத்துவிட்டது என்று பாதிப் பேர், இப்போதுதான் பிறந்திருக்கிறது என்று பாதிப் பேர். ஒருத்தர் பன்றி என்கிறார், ஒருத்தர் புரட்சி என்கிறார். பழைய சிநேகிதர்கள் இரண்டு பேர் இதனால் பேச்சையே நிறுத்திக்கொண்டார்களாம். ஒரு ரப்பர் முத்திரைக்காக.

வேண்டுமென்றே! அவன் லேபிளைக்கூட வேண்டுமென்று கோணலாக ஒட்டினான் என்று எழுதியிருக்கலாம்.

மே 14, வியாழன்

இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். இந்த வெயிலில் கோட்டு. அதனால் அவர் பேர் இனி கோட்டு. 'தரை'யை ஆலையில் கொடுத்து ஆயிரக்கணக்கில் அச்சடிக்கப் போகிறாராம். மூலப் பாட்டு வேண்டும் என்றார்.

நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லித்தான் ஆக வேண்டும். கம்ப்யூட்டரில் இருப்பது மெதுவான பாட்டு. அதை எப்படி மறைப்பான்? கோட்டு கேட்பார், புருவத்தைத் தூக்குவார், அண்ணன் வழிவான், எல்லாரும் சிரிப்பார்கள். முடிந்தது.

"நாளைக்கு அனுப்பறேன் சார்" என்றான் அண்ணன்.

கோட்டு போனதும் உட்கார்ந்து பாட்டின் வேகத்தை ஏற்றினான். நூற்று நாற்பதில் நிறுத்தினான். கேட்டுப் பார்த்தான். அந்தக் கீச்சு என் முன்னாலேயே என் குரலிலிருந்து உருவாகி வருவதைப் பார்த்தேன், ஒரு கையைப் பிடித்து முறுக்கிக்கொண்டே போவது மாதிரி. சேமிக்கும்போது அதற்கு 'தரை - அசல்' என்று பேர் வைத்தான்.

"பழசை என்ன பண்ணுவ?" என்று கேட்டேன்.

"எந்தப் பழசு?" என்றான்.



ஜூன் 9, செவ்வாய்

முதலாளி கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்கச் சொன்னார். முன்பெல்லாம் டப்ஸ்டெப் தட்டின் கோடு ஆறு மாதிரி அகலமாக வளைந்து வளைந்து போகும். பேஸ் அப்படித்தான் கண்ணுக்குத் தெரியும். இன்று வெட்டியது முள்கம்பி. நெருக்கமாக, சிலிர்த்துக்கொண்டு.

"இந்த வாரம் வந்தது அத்தனையும் இதே சமாச்சாரம். தலை கருகிப்போகும் போலிருக்கு" என்றார். அவர் தலை இல்லை, ஊசியைப் பிடித்திருக்கிற வெட்டும் தலை. கீச்சு அதிகமானால் அதற்குள் இருக்கிற கம்பிச்சுருள் சூடாகிவிடும். ஒவ்வொரு தட்டுக்கும் நடுவே நிறுத்தி, சின்ன மின்விசிறியைக் காட்டி ஆறவைக்கிறார். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது மாதிரி தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்.

வருகிற பையன்கள் எல்லாரிடமும் இப்போது ஒரு கீச்சும் ஒரு ரம்பமும் இருக்கின்றன. அக்காவையோ தங்கையையோ கத்தவிட்டு வேகத்தை ஏற்றியிருக்கிறார்கள். பேஸ் என்று ஒன்று இருந்ததை மறந்தேவிட்டார்கள். இன்று ஒருவன் பாட்டு நடுவே இருமலும் வைத்திருந்தான். உங்கள் வீட்டு அலமாரியில் பாச்சை உருண்டை இருக்கிறதா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. வழக்கம்போல.

ஜூன் 21, ஞாயிறு

கோட்டுக்கு இரண்டாவது தட்டு வேண்டும். அண்ணன் மறுபடி அலமாரியைத் திறந்தான். துணியை எல்லாம் அழகாக ஒதுக்கி, எனக்கு ஒரு தலையணைகூடப் போட்டு வைத்திருந்தான்.

"இந்தத் தடவை முனக வேணாம். கத்து."

"எனக்குக் கத்த வராது."

"வரும். பல்லியைப் பார்த்தா கத்துவல்ல, அந்த மாதிரி."

பல்லியைப் பார்த்தாலும் நான் கத்தமாட்டேன். அவனுக்கே தெரியும். இருந்தாலும் உட்கார்ந்தேன். அவன் என் அண்ணன். பள்ளியை விட்ட பிறகு ஒரு வருஷம் நான் யாரோடும் பேசாதபோது, பதில் எதிர்பார்க்காமல் தினமும் என்னிடம் பேசிக்கொண்டிருந்தவன். கத்தினேன். தொண்டைக்குள் ஏதோ கிழிந்த மாதிரி இருந்தது. "இன்னும் மேல, இன்னும் மேல" என்றான் போர்வைக்கு அந்தப் பக்கமிருந்து. மேலே ஏறிப் பார்த்தேன். எனக்கு அங்கே ஒன்றும் இல்லை. வெறும் காற்று.

வெளியே வந்து வாய் கொப்பளித்தேன். எச்சிலில் துளி ரத்தம். அவன் அதைப் பார்க்கவில்லை. திரையில் அலையைப் பார்த்துக்கொண்டு, "ம்ஹூம், இதை ஏத்தினாலும் தேறாது" என்றான்.

எனக்கு வந்த கோபம் — டேய், எது தேறாது? பள்ளிக்கூடத்துல சிரிச்சானுங்க, சரி, அவனுங்க யாரோ. நீயுமாடா?

எழுதத்தான் முடிகிறது.

ஜூலை 5, ஞாயிறு

வேறு ஒரு பெண் வந்திருந்தாள். மெல்லிய குரல். அலமாரிக்குள் என் தலையணையில் உட்கார்ந்தாள். அண்ணனுக்கு வேகத்தை ஏற்ற வேண்டிய வேலையே இல்லை.

ஜூலை 18, சனி

நடந்ததை நடந்த மாதிரியே எழுதிவிட வேண்டும்.

முதலாளி உள்ளே வெட்டும் தலையைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். தாடி வந்தார். ஆகஸ்ட் முதல் ஞாயிறோடு கிடங்கு அறையைக் காலி செய்கிறாராம். "வர்றவன் எல்லாம் அந்தக் கீச்சைப் போடுங்கறான். போடலைன்னா போத்தலை எறியறான். என் வயசுக்கு இது தேவையா?" என்று சுவரிடம் சொன்னார். பையிலிருந்து ஒரு தட்டை எடுத்து மேஜையில் போட்டார். 'தரை'. முதல் அறுபதில் ஒன்று. லேபிள் கோணல். நடுவே வட்டமாகத் தண்ணீர்க் கறை.

"பூந்தொட்டிக்கு அடியில வெச்சிருந்தேன். செடி வாடிப்போச்சு. நீங்களே வெச்சுக்கங்க."

சொல்லிப் புரியவைப்பதைவிடக் கேட்கவைப்பது எனக்குச் சுலபம். அதனால் தட்டைத் துடைத்து, சரிபார்க்கிற பிளேயரில் வைத்தேன்.

"ஐயோ வேணாம்மா, தயவுசெஞ்சு" என்றார்.

சுவிட்சை 33க்குத் தள்ளி, ஊசியை வைத்தேன்.

அவர் தாடியைச் சொறிந்துகொண்டிருந்தார். விரல் நின்றுவிட்டது. முதல் தட்டல், காத்திருப்பு, இரண்டாவது தட்டல், அப்புறம் பேஸ் தரையில் ஊர்ந்து வந்து மேஜைக் காலைப் பிடித்தது. முத்திரை மேஜையில் தானாக நடந்து விளிம்பு வரைக்கும் போனது. பாட்டு முடியும் வரை அவர் உட்காரவில்லை. லேபிளைக் குனிந்து பார்த்தார். சுவிட்சைப் பார்த்தார். என் மைப்பெட்டியைப் பார்த்தார். பாவம், எல்லாம் அவருக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் புரிந்துகொண்டு வந்தது.

"அப்போ அந்தக் கத்தற பொண்ணு..."

தலையாட்டினேன்.

"இதுதானா? யாரு இது?"

"நான்தான்."

என் பேச்சைக் கேட்டதும் எல்லாரும் எனக்குப் பின்னால் ஓர் ஆம்பிளை நிற்கிறாரா என்று பார்ப்பார்கள். அவர் பார்க்கவில்லை.

"வாயில துணி வெச்சு அடைக்கணும்னு சொன்னேன்ல?"

"ஆமா."

"நீ இங்கதான் இருந்தியா அப்போ?"

"ஆமா."

"அந்தத் துணியைக் குடு. என் வாயில வெச்சுக்கறேன்."

சிரித்துவிட்டேன். சத்தமாக. உள்ளேயிருந்து முதலாளி, "யாருய்யா வந்திருக்கறது?" என்றார்.

தாடி தட்டை மறுபடி உறையில் போட்டுக்கொண்டார். கடைசி ஞாயிறு இதைப் போடட்டுமா என்று கேட்டார். "நீ வேணாம்னா வேணாம். தொட்டிக்கு அடியிலயே போயிடும்."

போட்டால் அண்ணன் மானம் போய்விடும். கோட்டு, கட்டுரை, துணிச்சல், குரூர அழகு, எல்லாம் சந்தி சிரிக்கும். அண்ணனை நினைத்துப் பார்த்தேன். அவன் வைத்த பேரையும் நினைத்தேன். தரை - அசல்.

"போடுங்க" என்றேன்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

கடைசி மத்தியானம் என்பதால் கிடங்கு அறை நிரம்பியிருந்தது. நான் டயர் அடுக்குக்குப் பக்கத்தில், சுவரோடு சுவராக. ரப்பர் நாற்றம், வியர்வை நாற்றம். மற்றவர்கள் போட்ட பாட்டு எல்லாவற்றிலும் கீச்சு. மூன்று மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

முடிவில் தாடி ஒன்றும் அறிவிக்காமல் அதைப் போட்டார். உடனே கத்தல். "சுவிட்சைப் பாருங்க பெருசு!" "தூக்கம் வந்தா வீட்டுக்குப் போங்க!" ஒரு காகிதக் கோப்பை பறந்துபோய் அவர் தோளில் பட்டது. அவர் தட்டிவிடக்கூட இல்லை. பாதிப் பேர் வெளியே போனார்கள்.

நடுவில் அந்த இருமல் வந்தது.

"ஏய்... அந்த இருமல்டா!" என்று ஒருவன். இன்னொருவன், "இருடா, இரு." சத்தம் ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. கண்டுபிடித்துவிட்டார்கள். போன்கள் மேலே எழுந்தன, சனியன்கள், எதற்கெடுத்தாலும் போன். பேஸ் சுவர் வழியாக வந்து என் முதுகெலும்பில் ஏறியது. என் குரல்தான் எனக்குப் பின்னால் நின்று என்னைத் தாங்கிக்கொண்டிருந்தது. யாருக்கும் நான்தான் என்று தெரியாது. தெரிந்தால் என்ன என்று முதல் தடவையாகத் தோன்றியது.

படியேறும்போது ஒரு பெண் தன் சிநேகிதியிடம், "எனக்கு அந்தக் கீச்சுதான்டி பிடிச்சிருந்தது" என்றாள். சரி. அவள் காது, அவள் இஷ்டம்.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அண்ணனுக்கு இணையத்தில் 'முத்திரை மேதை' என்று பட்டம். கோட்டு போனில் கத்தினார். துணிச்சல் என்று எழுதிய மேதாவி, தனக்கு ஆரம்பத்திலேயே சந்தேகம் இருந்தது என்று எழுதியிருக்கிறார். தூ.

அண்ணன் என் அறை வாசலில் வந்து நின்றான். "என் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியேடி. உனக்கு நான் என்னடி பண்ணேன்?"

"உன் பாட்டைத்தான் போட்டாங்க" என்றேன்.

"மெதுவா பேசு, அம்மா வர்றாங்க."

"எதுக்கு மெதுவா? நீ பண்ண பாட்டு. நீ, நான், அந்த அலமாரி. எந்தப் பழசுன்னு கேட்டியே, அந்தப் பழசுதான். அதைத் தொட்டிக்கு அடியில வெச்சிருந்தாங்க. தெரியுமா உனக்கு? செடி செத்துப்போச்சு!"

என் குரல் வீடு முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. கண்ணாடி டம்ளர் ஒன்று அதிர்ந்தது. அம்மா கையில் துண்டோடு நின்றிருந்தாள், அந்த ஆள் வந்துவிட்டார் என்கிற முகத்தோடு. வையப் போகிறாள் என்று நினைத்தேன்.

"இந்தக் குரல்ல இந்த வீட்டுல நான் இதுவரைக்கும் பொய்தான் கேட்டிருக்கேன். இன்னிக்குத்தான் நிஜம் கேக்கறேன்" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவன் அழுதான். அவன் அழுது நான் பார்த்ததில்லை. என் மேலேயே எனக்குக் கொஞ்சம் அருவருப்பாக இருந்தது. ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 5, புதன்

பேசவில்லை.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

அண்ணன் இன்னும் பேசவில்லை. அவனுடைய இரண்டாவது தட்டு வந்துவிட்டது, அந்த மெல்லிய குரல் பெண்ணோடு. நன்றாகப் போகிறதாம். ஒரு தடவை கேட்டேன். காது கழுவ ஒரு வழி இருந்தால் தேவலை.

செப்டம்பர் 12, சனி

வேலை முடிந்து வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. முன்னறையில் பிளேயர் மூடி திறந்திருந்தது. உள்ளே தட்டு இல்லை. சுவிட்ச் 33இல் இருந்தது.

நான் தொடவில்லை. அம்மாவுக்கு அதை எப்படித் திறப்பதென்றே தெரியாது.

சமையலறையில் எனக்குச் சோறு போட்டு, சாப்பாட்டுத் தட்டு மேல் இன்னொன்றைக் கவிழ்த்து மூடி வைத்திருந்தது, அண்ணன் முன்பெல்லாம் வைக்கிற மாதிரி. சண்டைக்குப் பிறகு இந்த ஐந்தாறு வாரமாக நானேதான் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆறியிருந்தது. சாப்பிட்டேன்.

அக்டோபர் 13, செவ்வாய்

டப்ஸ்டெப் ஒன்றும் திருந்திவிடவில்லை. கீச்சு போடுகிறவர்கள் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், வெட்டும் தலை இன்னமும் சூடாகிறது. இன்னொரு பக்கம் புதிதாக முனகல் சீசன் ஆரம்பித்திருக்கிறது. பையன்கள் தங்கள் குரலையே கிணற்றுக்குள் இறக்கி, மெதுவாக்கி, "ம்ம்ம்" என்று கொண்டுவருகிறார்கள். வயிற்றுவலிக்காரர்கள் வரிசையில் நிற்கிற மாதிரி இருக்கிறது. இதுவும் சகிக்கவில்லை. மைப்பெட்டி மேல் இப்போது இரண்டு முத்திரையும் கிடக்கின்றன. குத்துவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் ஓடவிட்டுக் கேட்கிறேன். முதலாளி கேட்டதற்கு, இனிமேல் இப்படித்தான் என்று சொல்லிவிட்டேன்.

மத்தியானம் போன் அடித்தது. அவர் லேத்தில் குனிந்திருந்தார். எடுத்தேன்.

"சார், உங்க கடையில வெட்டின 'தரை', அந்த முதல் அறுபதுல ஒண்ணு எங்கிட்ட இருக்கு. எந்த வேகத்துல போடறதுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

"முப்பத்து மூணுல போடுங்க."

"நிச்சயமாவா சார்? லேபிள்ல வேற போட்டிருக்கே."

"லேபிள் தப்பு. அப்புறம், நான் சார் இல்ல. அதுல முனகறதே நான்தான்."

அந்தப் பக்கம் ரொம்ப மரியாதையாக, "இருமறதும் நீங்கதானா?" என்றது.

"அதுவும் நான்தான்" என்றேன்.

வைத்துவிட்டுத் திரும்பினேன். ஊசி ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி நிமிர்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.